வானத்தில் நின்றுபோன சாலை

போன மாதம் நியூயார்க்கின் ஹைலைனில் நடந்தேன். 1934இல் சரக்கு ரயிலுக்காக எழுப்பிய உயர்பாதை அது. கடைசி ரயில் 1980இல் ஓடியது. பாழடைந்து கிடந்ததை இடிக்கவிடாமல் அக்கம்பக்கத்தார் போராடினார்கள். 2009இல் பூங்காவாகத் திறந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே புல் அசைவதைப் பார்த்தபோது தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரத்தின் வார்விக் சந்திப்புதான் கண்முன் வந்தது. நம் ஊரிலும் கைவிட்ட பாதை ஒன்று அந்தரத்தில் இருக்கிறதே!

திரும்பியதும் ஒரு சனிக்கிழமை விடியலில் பெரியம்மாவுடன் டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து பஸ் ஏறினேன்.

"முதலில் காய்கறி. மதும்பி தீர்ந்துவிடும்" என்றார் பெரியம்மா. சேப்பங்கிழங்குக்கு ஜூலுக்காரர்கள் சொல்லும் பெயர் நம்மவர் வாயில் மதும்பி ஆகிவிட்டது. 1910இல் தொடங்கிய காலைச் சந்தையில் கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் குவிந்திருந்தன. 2009இல் இந்தச் சந்தையை அகற்றி வணிக வளாகம் கட்டப் பார்த்தார்கள். வியாபாரிகள், இந்தியரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்தே, எதிர்த்தார்கள். சந்தை நின்றது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிறகு பாலத்துக்கு ஏறினோம். நெடுஞ்சாலைக்காகக் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட மேம்பாலம். நடைபாதையில் வெயிலிலும் மழையிலும் மூலிகை விற்றவர்களுக்கு 1990களின் இறுதியில் நகராட்சி இதைச் சந்தையாக்கிக் கொடுத்தது. கட்டுக்கட்டாக மரப்பட்டை, வேர், கிழங்கு. எங்கோ உரலில் பட்டை இடிக்கும் சத்தம். ஜூலுக்காரர்கள் முன்னோரை வேண்டிக் கொளுத்தும் இம்பெபோ என்ற மூலிகையின் புகை நாட்டு மருந்துக் கடையையும் கோயில் சாம்பிராணியையும் ஒருசேர நினைவூட்டியது.

ஹைலைனைச் சுற்றி மாடி வீடுகள் எழுந்து விலை ஏறியதைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். இங்கே பழைய வியாபாரிகளே பாலத்துக்குச் சொந்தக்காரர்கள்போல உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய அழகாகப்பட்டது.

ஒரு கடைக்கார அம்மா பெரியம்மாவை "கோகோ" என்று அழைத்தார். ஜூலுவில் பாட்டி என்று பொருள். நீட்டிய வேர்த்துண்டை முகர்ந்து, "இஞ்சிதானே இது?" என்றார் பெரியம்மா. ஆப்பிரிக்க இஞ்சி. சளிக்கும் இருமலுக்கும் கைகண்ட மருந்து என்பார்கள். அளவுக்கு மீறித் தோண்டியதால் காட்டில் அரிதாகிவிட்ட செடி. பெரியம்மா ஜூலுவில் விலை பேசி ஒரு சிறு துண்டு மட்டும் வாங்கினார்.

கைப்பிடிச் சுவரோரம் நின்றோம். கீழே மினிபஸ் டாக்சிகள் நெரிந்தன. சற்றுத் தள்ளி ரயில் பாதை.

"என் தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்து நேட்டால் ரயில்வேயில்தான் கல் சுமந்தார்" என்றார் பெரியம்மா. சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நீ போன ஊரில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்களா?"

"இல்லை பெரியம்மா. பல இடங்களில் செடிகளுக்கு நடுவே தெரிகிறது."

"நல்ல காரியம்" என்றபடி மதும்பிப் பையை என்னிடம் கொடுத்தார்.