மாபிள் தரையும் பின்னறையும்

2023 யூலையில் பல நாட்கள் மேன்முறையீட்டு மேசையில் இருந்தேன். யாழ்ப்பாண மாவட்டத்தில், கடற்கரையும் தோட்டக் காணியும் சேர்ந்த ஒரு பிரதேச செயலகம். அங்கே நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும என்ற அரசுத் திட்டத்தின் பட்டியல் வெளியான பிறகு காலை ஏழரைக்கே வாசலில் சனம் நிற்கத் தொடங்கியது. எல்லார் கையிலும் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, மின்சாரப் பட்டியல், கிளினிக் கொப்பி, அடைவுச் சீட்டு. கஷ்டத்தை நிரூபிக்க எந்தத் தாள் வேண்டும் என்று தெரியாததால் வீட்டில் இருந்த எல்லாத் தாளையும் கொண்டுவந்திருந்தார்கள்.

திட்டம் இதுதான். அதுவரை வறியவர்களுக்கு அரசு கொடுத்துவந்த சமுர்த்தி உதவிப்பணத்தின் இடத்துக்கு இது வந்தது. 20 இலட்சம் குடும்பங்களை நான்கு பிரிவாகப் பிரித்து, மிக வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபா, அடுத்த பிரிவுக்கு 8,500, அதற்கு மேலே உள்ள இரண்டு பிரிவுகளுக்கும் 5,000, 2,500 என்று வைத்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை அதிகாரி முடிவு செய்வதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு பக்கங்களில் 22 குறிகாட்டிகளைப் பதிந்தால் கணினி புள்ளி போடும். அந்த ஆண்டு மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன் ஏற்பாடு வந்தபோது, நலன்புரிக்கு அரசு குறைந்தது இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. அந்தக் காசு சரியான ஆளுக்குப் போகவேண்டும் என்பதுதான் கணக்கின் நோக்கம்.

அந்த நோக்கத்தை நான் குறைவாகப் பேசமாட்டேன். சமுர்த்திக் காலத்தில் சிபாரிசு இருந்தால் பெயர் ஏறும் என்று சனம் மனம் நொந்து பேசியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கணினிக்குக் கட்சி தெரியாது, சாதி தெரியாது, மச்சான் முறை தெரியாது. முதல் பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

அப்புறம் அந்த அம்மா வந்தார்.

அறுபதைத் தாண்டியவர், தனி ஆள். பட்டியலில் பெயர் இல்லை. பதிவைத் திறந்து பார்த்தேன். கல்வீடு, மாபிள் தரை, ஓட்டுக் கூரை, ஐந்து அறை, வளவுக்குள் கிணறு, குழாய்த் தண்ணீர். அந்த வீட்டை எனக்குத் தெரியும். வேலைக்குப் போகிற வழியில் மதிலும் இரும்புக் கேற்றுமாக நிற்கும். வாசலில் கூட்டிக்கொண்டிருக்கும் இவரைப் பல முறை கண்டிருக்கிறேன். வெளிநாட்டுக் காசு, இவருக்கு என்ன குறை என்று நினைத்தும் இருக்கிறேன்.

“பிள்ளை, அது என்ர வீடில்லை. வீட்டுக்காரர் கனடாவில. நான் காவலுக்கு இருக்கிறன். பின்னறையில படுக்கிறன், வெளியில அடுப்பு. மாபிள் வீட்டில இருக்கிறன் எண்டு சனம் சொல்லுது. அந்த மாபிளைத் துடைக்கிறதுதான் என்ர வேலை.”

சம்பளம் என்று ஒன்று இல்லை. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏதோ வரும். மற்றபடி முருங்கைக்காயும் தேங்காயும் விற்றுச் சீவியம். பதிவு எடுக்கப் போனவர் ஒரு இளம் பொடியன், குறுகிய காலத்துக்கு எடுக்கப்பட்டவர். வாசலில் நின்று கண்ணில் பட்டதைப் பதிந்திருக்கிறார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. நான் போயிருந்தாலும் அதையேதான் பதிந்திருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பார்த்து ஆளை அளப்பது ஏன் பிழைக்கிறது என்று அந்த மாதம் முழுக்க யோசித்தேன். இங்கே வீடும் வருமானமும் ஒன்றோடொன்று நடப்பதில்லை. பாதி வீடுகள் போருக்கு முன்னர் வாழ்ந்தவர்களின் மிச்சம். பல வீடுகள் வேறு நாட்டில் இருப்பவர்களுடையவை. இன்னும் பல, இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தில் கட்டியவை. அந்தக் காசு போதாமல் நகையை அடைவு வைத்து, வட்டிக்கு வாங்கி, கூரை போட்டு முடித்த குடும்பங்கள் உண்டு. அவர்களைக் கடனாளியாக்கிய அதே சீமெந்துத் தரை, படிவத்தில் அவர்களை வசதிக்காரர் ஆக்கியது.

கடற்கரைப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு ஐயா படகும் எஞ்சினும் வைத்திருப்பதாகப் பதிவு. உண்மைதான், வைத்திருந்தார். 2022 ஓகஸ்டில் எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340க்கு ஏறியதோடு படகு கரையில் ஏறிவிட்டது. எஞ்சினுக்கு எடுத்த கடன் புத்தகத்தை மேசையில் வைத்து, “இதை எங்க தங்கச்சி போடுறது?” என்று கேட்டார். எந்தக் கட்டத்தில் பதிவது என்று எனக்குத் தெரியவில்லை. குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டேன். இன்னொரு வளவில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே மீற்றர். கிணற்று மோட்டரின் யூனிற்றும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்திருந்தது.

நாடு முழுவதும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் போயின. சூத்திரத்தைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். குழந்தை உள்ள வீடு, முதியவர் உள்ள வீடு, மாற்றுத்திறனாளி உள்ள வீடு என்றால் கேள்வி கேட்காமல் எல்லாருக்கும் கொடுங்கள், வசதியானவர்களிடம் வரியாகத் திருப்பி எடுங்கள் என்று மறுபக்கம் சொல்கிறார்கள். முதல் பக்கத்தின் பலமான கேள்வி காசு. நாடு 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. இல்லாத காசை எல்லாருக்கும் பிரித்தால் மிக வறியவரின் 15,000 ரூபா சுருங்கிப் போகாதா? நியாயமான கேள்வி. நானும் இரவில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் நான் இரண்டாவது பக்கம்தான். அதற்குக் காரணம் நான் இருந்த மேசையும், அப்பா சொன்ன கூப்பன் அரிசிக் கதையும். 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு எல்லாருக்கும் உரியது. சங்கக்கடை வரிசையில் வாத்தியாரும் கூலிக்காரரும் ஒன்றாக நின்றார்கள். 1953இல் அரிசி விலையை 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடே ஓகஸ்ட் 12இல் ஹர்த்தாலில் இறங்கியது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1979இல் அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டுமான உணவு முத்திரையானது. முத்திரையின் பெறுமதி ரூபாவில் நின்றது, விலைவாசி நிற்கவில்லை. சில வருடங்களில் முத்திரைக்கு வாங்கக்கூடியது சுருங்கியது, அப்போது ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. வாத்தியார் வரிசையில் இல்லாதபோது கூலிக்காரரின் குரல் கொழும்புக்குக் கேட்பதில்லை. இதை நான் மனதார நம்புகிறேன்.

யாழ் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையில் உங்கள் வீட்டுத் தரை என்ன என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகம் கொடுக்கும்போது படகு இருக்கிறதா என்று கேட்பதில்லை. அங்கே தலை நிமிர்ந்து நிற்கிற அதே மனிதர்கள் என் மேசைக்கு முன்னால் குரலைத் தாழ்த்தினார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்று ஒரு தாய் மகனின் வருத்தத்தைத் தாளில் எழுதிக் காட்டினார். இந்தச் செலவு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் வருவதில்லை. 2025 தொடக்கம் 15,000 ரூபாவை 17,500 ஆகவும், 8,500ஐ 10,000 ஆகவும் உயர்த்தினார்கள். நல்ல விடயம். பட்டியலுக்கு வெளியே நின்றவர்களுக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை.

அந்த அம்மாவின் மேன்முறையீடு முதல் தடவை சரிவரவில்லை. 2024இல் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் கோரியபோது அவரே வந்து படிவம் வாங்கிப் போனார். வீடு பார்க்க வேண்டிய நாளில் நானும் போனேன். முன் கேற்றால் போகாமல் வேலிப் பக்கத்துப் படலையால் போனேன். பின்னறை பத்தடிக்குப் பத்தடி இருக்கும். ஒரு கயிற்றுக் கட்டில், சுவரில் முருகன் படம், வெளியில் கிடுகுப் பத்தி இறக்கி அதற்குள் அடுப்பு. தரை வகை என்ற இடத்தில் சீமெந்து என்று போட்டேன். உரிமை என்ற இடத்தில் இல்லை என்று போட்டேன். “அவ்வளவுதானோ பிள்ளை?” என்று கேட்டார். ஓமம்மா என்று சொல்லிக் கையெழுத்துக்குப் பேனையைக் கொடுத்தேன்.