1988 ஆகஸ்ட்: பதினொரு நாளில் பின்வாங்கிய சீர்திருத்தம்

சீனாவின் 1989 தியானன்மென் சதுக்க மாணவர் போராட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர் ஹூ யாவ்பாங் இறந்த ஏப்ரல் 15-இல் தொடங்குகிறார்கள். எனக்கோ அந்தக் கதை எட்டு மாதம் முன்பே, கடைகளில் உப்பும் தீப்பெட்டியும் தீர்ந்துபோன 1988 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது.

1980-களின் நடுவில் அங்கே ஒரே எஃகுக்கு இரண்டு விலை இருந்தது. ஆலை, அரசுத் திட்டத்தின்படி தர வேண்டிய அளவை நிர்ணயிக்கப்பட்ட மலிவு விலைக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் உற்பத்தி செய்ததைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம். அப்படி விற்பதற்கு இருந்த 20 சதவீத உச்சவரம்பும் 1985-இல் நீக்கப்பட்டது. திட்டத்தை உடைக்காமல் அதன் பக்கத்திலேயே சந்தையை வளர்த்த கெட்டிக்கார ஏற்பாடு இது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இரு விலைகளின் இடைவெளியில் பணம் பண்ண எஃகு உருக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒதுக்கீட்டுக்குக் கையெழுத்திடும் அதிகாரியைத் தெரிந்திருந்தால் போதும். அவர் எழுதித் தரும் துண்டுச் சீட்டே சரக்காகிக் கைமாற, எஃகு கிடங்கைவிட்டு நகரும் முன்பே அதன் விலை ஏறிவிடும். இப்படிச் சம்பாதித்தவர்களை மக்கள் ‘குவான்தாவ்’ என்றார்கள்; அதிகாரத்தை வைத்து வாங்கி விற்பவர்கள் என்று பொருள். மறு ஆண்டு மாணவர்கள் தெருவில் எழுப்பிய முழக்கங்களில் இந்தச் சொல்லும் இருந்தது.

இரண்டு விலைகளையும் ஒன்றாக்க வேண்டும் என்பதில் சீர்திருத்தக்காரர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எப்போது என்பதில்தான் சிக்கல். வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்து, விலைவாசி ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. முதலில் பணப்புழக்கத்தை இறுக்குங்கள் என்றார் பொருளாதார அறிஞர் வூ ஜிங்லியன். விலையைத் தொடுவதற்கு முன் நிறுவனங்களின் உடைமை முறையை மாற்றுங்கள் என்றார் லி யினிங். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத இந்த இருவருமே இப்போது வேண்டாம் என்றது கவனிக்கத்தக்கது. நாட்டின் உச்சத் தலைவராக இருந்த டெங் சியாவோபிங் கேட்கவில்லை. நீண்ட வலியைவிடக் குறுகிய வலி மேல் என்பது அவர் வாதம். மே மாதம் வட கொரியத் தூதுக்குழுவிடம் பேசியபோது, ஐந்து கணவாய்களைக் கடந்து ஆறு தளபதிகளை வெட்டிய பழங்காலச் சீன வீரர் குவான் யூவின் கதையைச் சீனாவின் நிலைக்கு உவமையாகச் சொன்னார். கட்சிப் பொதுச்செயலாளர் சாவோ ஸியாங்கும் அதற்கு உடன்பட்டார்.

ஆகஸ்ட் நடுவில் பெய்தாய்ஹ கடற்கரை ஓய்விடத்தில் கூடிய கட்சியின் அரசியல் குழு, விலை, ஊதியச் சீர்திருத்தத்துக்கான பூர்வாங்கத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 19-ஆம் தேதி செய்தி வெளியானது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக என்றுதான் அதில் இருந்தது. ஆனால் முப்பது ஆண்டுகளாக விலை அசையாத நாட்டில் வளர்ந்தவர்கள் அதை அப்படிப் படிக்கவில்லை. வங்கியில் சேமிப்பை எடுத்த கையோடு கடைக்கு ஓடினார்கள். சலவை இயந்திரம், தொலைக்காட்சிப் பெட்டி, கம்பளி, சோப்பு என்று எது கிடைத்தாலும் வாங்கினார்கள், உப்பை மூட்டையாகவும் தீப்பெட்டியைக் கட்டுக் கட்டாகவும் வீட்டில் அடுக்கினார்கள். இதைப் பீதி என்று கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டின் விலைவாசி உயர்வு 18 சதவீதத்தைத் தாண்டியது, கையில் பணமாக வைத்திருந்தவர்தான் ஏமாந்தார்.

பதினோராம் நாள், ஆகஸ்ட் 30 அன்று, பிரதமர் லி பெங்கின் அமைச்சரவை அவசர அறிவிப்பு வெளியிட்டு எல்லாவற்றையும் நிறுத்தியது. நீண்டகால வைப்புகளுக்கு விலைவாசிக்கு ஈடுகட்டும் வட்டி அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் இறுதியில் கூடிய மத்தியக் குழு, சீர்திருத்தத்தை ஒத்திவைத்துப் பொருளாதாரத்தை ஒழுங்குபடுத்துவது என்று முடிவெடுத்தது.

பழி யார் தலையில் விழுவது என்பதில்தான் அரசியல் இருந்தது. அவசரப்படுத்திய டெங்கை யாரும் தொட முடியாது. சோவியத் ஒன்றியத்தில் படித்த பொறியாளரான லி பெங்குக்கும், துணைப் பிரதமர் யாவ் யிலினுக்கும், அவர்களுக்குப் பின்னால் இருந்த மூத்த தலைவர் சென் யுன்னுக்கும் சந்தையின் வேகம் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. கட்சியின் நிதி, பொருளாதாரக் குழுவுக்குத் தலைவராக இருந்த சாவோவின் பேச்சு அந்த இலையுதிர் காலத்துக்குப் பிறகு எடுபடவில்லை. பொருளாதாரம் லி, யாவ் இருவரின் கைக்குப் போனது. மாணவர்கள் தியானன்மென் சதுக்கத்துக்கு வந்தபோது சாவோ ஏற்கெனவே பாதி தோற்ற மனிதர் என்பதே என் கணிப்பு. போராட்டத்தை ஒடுக்கக் கொண்டுவந்த ராணுவச் சட்டத்தை ஏற்க மறுத்ததில் மீதியும் போனது.

பணப்புழக்கத்தை இறுக்கியதில் விலைவாசி உயர்வு 1990-இல் 3 சதவீதத்துக்கு அருகே இறங்கியது. சந்தை விலை திட்ட விலையை நெருங்கி வந்ததால், 1988-இல் முடியாதது அடுத்த சில ஆண்டுகளில் ஆரவாரமில்லாமல் நடந்தேறியது. 1993 மே மாதம் பெய்ஜிங்கில் தானியக் கூப்பன்கள் ஒழிக்கப்பட்டபோது லி பெங்தான் பிரதமர். சாவோ அதே நகரத்தின் ஒரு சந்தில், வாசலில் காவல் போட்ட வீட்டில் இருந்தார். 2000-ஆம் ஆண்டு வாக்கில், குழந்தைப் பாடல்களும் பெய்ஜிங் ஓபராவும் இருந்த ஒலிநாடாக்களின் மேல் தன் தரப்பை ரகசியமாகப் பதிவு செய்தார். சுமார் முப்பது நாடாக்கள்.