வியாழன்: மீந்தது

மார்ச் 2, ஞாயிறு
வாரத் திட்டத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது. இன்று கோழி, வேண்டுமென்றே கூடுதலாக. நாளை அதையே பிய்த்துப் போட்டு சூப். செவ்வாய் பருப்பு, இரண்டு வேளைக்கு வருகிற மாதிரி. புதன் புதிதாக ஏதாவது. வியாழன் அடுப்பே கிடையாது, மீந்ததுதான். ஆனால் கோழிக்குப் புதன்தான் கெடு. சமைத்தது ஃப்ரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும் என்கிறார்கள். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இதில் எதுவும் இல்லை. அவளுக்குத் தனிப் பாத்திரம், அப்போதைக்கப்போது.

மார்ச் 3, திங்கள்
அம்மாவின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை இன்னும் வரவில்லை. நாளை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

மார்ச் 4, செவ்வாய்
அம்மாவோடு பழைய சண்டை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பாத்திரத்திலேயே மிச்சத்தைப் பிசைந்து சாப்பிட்டுப் பழகியவள். இப்போது முதல் தட்டு அவளுக்கு, அதுவும் ஆவி பறக்க. அது பிடிக்கவில்லை. "என் ஒருத்திக்கு ஒரு கைப்பிடி வடிக்க ஒரு அடுப்பா? அந்தச் சோற்றைச் சூடு பண்ணிக் கொடு, எல்லாம் செத்துப்போகும்."

சாகாது. சோறு கொதித்தாலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகும், நஞ்சை விடும். அப்புறம் எவ்வளவு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வை என்கிறார்கள். நான் அதற்கும் முன்னாலேயே அகலமான பாத்திரத்தில் மெல்லிசாகப் பரப்பிவிடுகிறேன், சீக்கிரம் ஆறும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷம் தின்றேனே" என்றாள். என்ன பதில் சொல்ல!

மார்ச் 5, புதன்
இறங்கியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான் என்கிறார்கள். எதிர்பார்த்தால் மட்டும் என்ன?

மார்ச் 6, வியாழன்
நல்ல நாள். டப்பாக்களை எல்லாம் மேஜையில் திறந்து வைத்தால் பிள்ளைகளுக்கு ஏலக்கடைதான். பருப்புக்குப் போட்டி, நேற்றைய காய்க்கு ஆளில்லை. இவர் வெப்பமானியும் கையுமாக நிற்கிறார்: 74 டிகிரி தொடாமல் எதையும் பரிமாற விடுவதில்லை. மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும், நடு சில்லென்று இருக்கும், நடுவில் ஒருமுறை கிளறினால்தான் உண்டு. கொஞ்சம் அலட்டல்தான், இருக்கட்டும்.

அம்மா வாசலில் நின்று, "எனக்கு ஒரு வாய்" என்றாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 8, சனி
தூக்கமில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன், 4 டிகிரி. மூடினேன். மறுபடி திறந்தேன். இப்படித் திறந்து திறந்தே ஏற்றிவிடுவேன் போல. லிஸ்டீரியா என்று ஒரு பாக்டீரியா, அந்தக் குளிரிலும் மெதுவாக வளருமாம். மற்றவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அம்மாவைப் போல உடம்பில் எதிர்ப்பு இல்லாதவர்களைத்தான் தேடி வரும். என்ன நியாயம் இது?

மார்ச் 10, திங்கள்
மகளின் பாடத்தில் வந்ததாம்: 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். அம்மாவுக்கு அல்வா கிடைத்த மாதிரி. நாள் முழுக்க அதே பேச்சு. "கேட்டாயா? வீடுகளில்!"

இரண்டு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்குவதில்லை. மீதியை நான் தொட்டி அருகே நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன். இன்று பார்த்துவிட்டாள். "உட்கார்ந்து சாப்பிடேன்டி."

மார்ச் 11, செவ்வாய்
ஏறவில்லை.

மார்ச் 13, வியாழன்
ஏறியிருக்கிறது! கொஞ்சம்தான். டப்பாவிலிருந்து கொடுக்கலாமா என்று கேட்டேன், இன்னும் வேண்டாம் என்றார்கள். அம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

மார்ச் 15, சனி
அடுத்த வாரத் திட்டத்தைத் தானே எழுதுவதாக வாங்கிக்கொண்டாள். வியாழனுக்கு நேராக என் பெயர், இவர் பெயர், பிள்ளைகள் பெயர், கடைசியில் அவள் பெயரும். அடிக்கவில்லை நான். செவ்வாயை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள். அன்று விடியற்காலையே அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். திங்கள் இரவே பருப்பை வேகவைத்து ஆறவைத்து உள்ளே வைத்தால் இவர்களுக்கு ஆகும். அம்மாவுக்கு அங்கேயே கொடுப்பார்களா, கையில் எடுத்துப் போகலாமா என்று நாளைக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.