கழிவு விலை

“கரட்டுக்கு 25 வீதம் கழிவு.”

கைபேசியில் வந்த வார விலைப்பட்டியலை வாசித்ததும் அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்தார். பழைய கலண்டர்த் தாளின் பின்புறம் கோடு கிழித்தார். ஒரு பக்கம் சுப்பர் மார்க்கெட், மறுபக்கம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை.

அங்கே விலை 100 கிராமுக்கு, சந்தையில் கிலோவுக்கு. பத்தால் பெருக்கியபோது பாதிக் கழிவு காணாமல் போனது!

ஆனாலும் கரட்டிலும் லீக்ஸிலும் கடைதான் வென்றது. நுவரெலியாப் பக்கமிருந்து லொறியில் வருபவை. எங்கே வாங்கினாலும் பயணக் களைப்பு ஒன்றுதான்.

கத்தரிக்காய் வேறு கதை. கடையில் அடுக்கியிருந்ததன் காம்பு பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. அம்மா தொடவே இல்லை.

சந்தையில் ஓர் ஆச்சி சாக்கில் கொட்டி வைத்திருந்தார். கிலோவுக்கு 40 ரூபாய் கூட. எடுத்தபோது காம்பின் முள் விரலில் குத்தியது.

“குத்தினால் இன்று பறித்தது, தம்பி.”

எந்த விலைப்பட்டியலில் இதை அச்சடிப்பார்கள்?

கழிவு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரியுமோ என்னவோ.

வீடு வந்து கூட்டிப் பார்த்தோம். மிச்சம் 85 ரூபாய். இரண்டு இடத்துக்கும் மோட்டார் சைக்கிள் குடித்த பெட்ரோலை நான் அந்தத் தாளில் எழுதவில்லை.