ஃபவுண்டன் ஹில்ஸ் ஏரிக்கரையில் டிஸ்க் கால்ஃப்

ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து வடகிழக்கே போகப் போக அரிசோனாவின் பாலைவனம் முழுசாகக் கண்ணில் படத் தொடங்கும். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் சகுவாரோ கள்ளிகள், பாறைக் குன்றுகள், தண்ணீரே இல்லாத ஓடைத் தடங்கள். இதையெல்லாம் கடந்து ஃபவுண்டன் ஹில்ஸ் ஊருக்குள் நுழைந்தால் பச்சைப் புல்வெளி ஒன்று விரிகிறது. அதன் நடுவில் சுமார் 30 ஏக்கரில் ஓர் ஏரி. ஏரிக்குள், ஊருக்குப் பெயர் கொடுத்த நீரூற்று. வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நீரூற்றைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் என் நண்பனும் வந்தது, ஏரியைச் சுற்றியிருக்கும் புல்மேடுகளில் டிஸ்க் கால்ஃப் ஆட.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால்ஃபில் பந்து, இங்கே தட்டு. கால்ஃபில் குழி, இங்கே கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. அதற்கு மேலே வளையத்திலிருந்து சங்கிலிகள் தொங்கும். டீ எனப்படும் தொடக்க இடத்திலிருந்து வீச வேண்டும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும், சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழும்வரை. ஒரு டீயும் அதற்கான கூடையும் சேர்ந்தது ஒரு ஹோல்; ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 18 ஹோல்கள். மொத்தத்தில் குறைவாக வீசியவர் ஜெயித்தார். கடற்கரையில் எறிந்து பிடிக்கும் ஃபிரிஸ்பியைவிட இந்த டிஸ்குகள் சிறியவை, கனமானவை, விளிம்பு கூர்மையானவை. தூரத்துக்கு டிரைவர், நடுத்தரத் தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கூடைக்குப் பக்கத்திலிருந்து போட பட்டர் என்று பைக்குள் வகைவகையாக இருக்கும்.

மரங்கள் அடர்ந்த மைதானம்தான் கடினம், வெட்டவெளி மைதானம் லேசு என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மரம் நின்ற இடத்தில் நிற்கும். சந்து எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும், வீசும்வரை அந்தச் சந்து அங்கேயேதான் இருக்கும். வெட்டவெளியில் தடை கண்ணுக்குத் தெரியாது. டீயில் காலை ஊன்றும்போது ஒரு பக்கம் இருக்கும் காற்று, கை டிஸ்கை விடும்போது வேறு பக்கம் போயிருக்கும். அதோடு மேடும் பள்ளமும் தண்ணீரும் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் தனியாக யோசிக்க வேண்டியிருக்கும். இந்தப் பூங்கா எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

எட்டரை மணிக்கு முதல் டீயில் நின்றோம். குளிர்காலக் காலை. கிழக்கே ஃபோர் பீக்ஸ் மலையின் நான்கு சிகரங்களும் துல்லியமாகத் தெரிந்தன. புல்லில் நாமக்கோழிகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அமெரிக்க நாமக்கோழிக்கும் அதே கறுப்பு உடல், அதே வெள்ளை மூக்கு. தனியாக ஆட வந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், நாங்கள் புதிது என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டு, “சேர்ந்து ஆடலாமா?” என்று கேட்டார். அவர் வந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

முதல் சில ஹோல்களில் காற்று லேசாகத்தான் இருந்தது. மணி ஒன்பது அடித்ததும் ஏரி நடுவிலிருந்து தண்ணீர் எழும்ப ஆரம்பித்தது. மெதுவாகத்தான் ஏறியது. பனைமர உயரம், அதைத் தாண்டி, அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. வழக்கமாக 100 மீட்டர் அளவுக்கு எழும். எல்லா பம்புகளும் ஒன்றாக ஓடினால் 560 அடி, அதாவது 171 மீட்டர் வரை போகக்கூடியது. வாஷிங்டன் நினைவுத் தூணைவிட 5 அடி கூடுதல்.

நண்பன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். பெரியவர் டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். “உச்சியைப் பார்க்காதீர்கள், சாரல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்” என்றார். பார்த்தோம். மேலே போன தண்ணீர் நேராக இறங்கவில்லை. உச்சியிலிருந்து தெற்கே சாய்ந்து, வெள்ளைத் திரையாக விரிந்து இறங்கியது. கீழே நாங்கள் நின்ற இடத்தில் புல்லைக் கிள்ளிப் போட்டால் அது கிட்டத்தட்ட காலடியிலேயே விழுந்தது. மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று. உயரமாக வீசினால் டிஸ்க் எந்தக் காற்றுக்குள் போகும் என்பதைத் தண்ணீரே எழுதிக் காட்டியது. இங்கே ஆடுகிறவர்களுக்கு இதுதான் காற்றுமானி என்றார் அவர். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை ஒவ்வொரு மணிக்கும் 15 நிமிடம் ஓடும். மீதி நேரத்துக்கு ஏரியின் சிற்றலையையும் புல்லையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த நீரூற்றை வைத்தவர் ராபர்ட் மெக்கல்லக், மரமறுக்கும் சங்கிலி ரம்பங்கள் தயாரித்த தொழிலதிபர். லண்டன் பாலத்தை 1968-இல் விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து இதே அரிசோனாவின் லேக் ஹவாசு நகரத்தில் நிறுத்தியவரும் அவரே. பாலைவனத்தில் புதிய ஊர் எழுப்பும்போது மனிதர்களை இழுக்க ஏதாவது வேண்டுமென்று 1970-இல் நீரூற்றை ஓடவிட்டார். ஏரியில் இருப்பது சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீர். அதனால் குளிக்கவோ நீந்தவோ கூடாது. டிஸ்க் கால்ஃப் ஆடுகிறவர்களுக்கு இந்த விதி எவ்வளவு முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் புரிந்தது.

முதலில் இறக்கத்தைச் சொல்ல வேண்டும். மேட்டின் உச்சியில் டீ, கீழே ஏரியை ஒட்டிக் கூடை. டீயில் நின்றாலே மனசு விரிந்துவிடும். மொத்தப் பூங்காவும் காலுக்குக் கீழே கிடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் உடம்பு தானாகவே டிஸ்கை வானத்தை நோக்கி வீசப் பார்க்கும். அப்படி வீசினால் மூக்கு, அதாவது டிஸ்கின் முன்விளிம்பு, தூக்கிக்கொண்டு, வேகம் செத்து, பாதியில் நின்று பக்கவாட்டில் சரியும். சரிவு எந்தக் கோணத்தில் இறங்குகிறதோ அதே கோணத்துக்கு டிஸ்கின் மூக்கையும் சாய்த்துவிட வேண்டும். இறக்கத்தில் டிஸ்க் அதிக நேரம் காற்றில் இருக்கும். அதிக நேரம் இருந்தால் காற்றுக்கும் அதிக நேரம் கிடைக்கும். எதிர்காற்றில் வீசினால் டிஸ்குக்கு அது கூடுதல் வேகத்தில் பறப்பதற்குச் சமம். பின்கையால் (பேக்ஹேண்ட்) வீசும் வலதுகைக்காரரின் டிஸ்க் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும். வேகம் கூடக் கூட வலப்பக்கம் புரளப் பார்க்கும், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் விழும். பின்காற்று இதற்கு நேர்மாறு: டிஸ்க் சீக்கிரமே இடப்பக்கம் திரும்பி, எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே தரையில் இறங்கிவிடும். பின்காற்று தூரத்தைக் கூட்டும் என்று நினைத்து மெல்ல வீசுகிறவர்கள் எல்லோரும் பாதியில்தான் நிற்பார்கள்.

பெரியவர் பைக்குள்ளிருந்து கனமான, விளிம்பு தேய்ந்துபோகாத ஒரு டிரைவரை எடுத்தார். டிஸ்கின் எடைக்கு விதி உண்டு: விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் போகக்கூடாது. சுமார் 21 சென்டிமீட்டர் அகலமுள்ள டிரைவர் என்றால் 175 கிராம்வரை வரும். காற்றுக்கு அந்த உச்ச எடைதான் சரி. தோள் உயரத்துக்கு மேலே போகாமல் சரிவை ஒட்டியே வீசினார். டிஸ்க் புல்லுக்கு ஆறேழு அடி மேலே சறுக்கிக்கொண்டு போய், கடைசியில் இடப்பக்கம் ஒரு சின்ன வளைவு எடுத்து, கூடைக்குப் பத்தடி முன்னால் படுத்தது. நான் கைதட்டிவிட்டேன்.

இறங்கியதை எல்லாம் மறுபடி ஏறத்தானே வேண்டும். ஏற்றத்தில் கூடை பார்ப்பதற்குக் கிட்டத்தில் இருக்கும், எட்டவே எட்டாது. ஆடுகிறவர்கள் சொல்லும் ஒரு பொதுக் கணக்கு உண்டு: ஓர் அடி ஏற்றத்துக்கு மூன்றடி தூரம் கூட்டிக்கொள். இருபதடி உயரமான மேடு என்றால் அறுபதடி கூடுதல். கணக்குச் சரியாக வந்தாலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஏற்றத்தில் டிஸ்க் சீக்கிரமே வேகம் இழப்பதால் இடப்பக்க வளைவும் முன்கூட்டியே வந்துவிடும். அங்கே விளிம்பு தரையில் பட்டால் டிஸ்க் எழுந்து நின்றுகொண்டு, தெருவில் ஓட்டிவிட்ட நுங்கு வண்டி போல உருளத் தொடங்கும். நண்பனின் டிஸ்க் அப்படித்தான் கூடைக்குப் பக்கத்தில் இறங்கி, எழுந்து, மேட்டின் சரிவெல்லாம் உருண்டு, அவன் வீசிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து விழுந்தது. வெட்டவெளியில் அதைத் தடுக்க ஒரு புதர்கூடக் கிடையாது.

கரையோர ஹோல்களுக்கு வருகிறேன். இந்தப் பூங்காவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் முழுக்க எல்லைக்கு வெளியே. டிஸ்க் அங்கே போனால் ஒரு வீச்சு அபராதம், கடைசியாக எல்லையைக் கடந்த இடத்துக்கு வந்து அடுத்ததை ஆட வேண்டும். இடப்பக்கம் ஏரி, வலப்பக்கமிருந்து காற்று. வலதுகைக்காரர்கள் தங்களுக்கு மிகவும் பத்திரமான வீச்சு என்று நம்புவது ஹைசரை, அதாவது இடப்பக்க விளிம்பைத் தாழ்த்தி வீசுவதை. அந்தச் சாய்வில் டிஸ்கின் அடிப்பக்கம் வலப்பக்கம் பார்த்திருக்கும். வலமிருந்து வரும் காற்று அதன் அடியில் புகுந்து தூக்கிவிடும். தூக்கி, இடப்பக்கம் கொண்டுபோகும். இடப்பக்கம் ஏரி.

நண்பனின் நீல நிற டிஸ்க் அழகாகக் கிளம்பியது. கரைக்கு மேலே வந்ததும் யாரோ அடியிலிருந்து கைகொடுத்ததுபோல எழும்பி, தண்ணீர்ப் பக்கம் நகர்ந்து, நாமக்கோழிகள் சிதற, உள்ளே போய்விட்டது. பெரும்பாலான டிஸ்குகள் மூழ்கும். மிதப்பதற்கென்றே செய்த சில உண்டு. இன்னோவா நிறுவனத்தின் ஹைட்ரா, டிராகன் மாதிரி. அவன் வீசியது மிதக்கிற வகை இல்லை. அவன் நெடுநாள் பழகிய டிஸ்க் அது. எத்தனை வீச்சுக்குப் பிறகு ஒரு டிஸ்கின் குணம் கைக்குத் தெரியவரும் என்பது ஆடுகிறவர்களுக்குத்தான் தெரியும். இறங்கித் தேடவும் வழியில்லை. கொஞ்ச நேரம் கரையில் பேசாமல் நின்றான். பெரியவர் தன் பையிலிருந்து அதே வகை டிஸ்க் ஒன்றை எடுத்து, “இந்தச் சுற்றுக்கு வைத்துக்கொள்” என்று நீட்டினார்.

அதே ஹோலில் அவர் ஆடிய விதத்தை நான் மறக்கமாட்டேன். ஏரிக்கு எதிர்ப்பக்க மேட்டைக் குறிவைத்து, தாழ்வாக, தட்டையாக வீசினார். சாய்வு இல்லாததால் காற்றுக்குப் பிடி கிடைக்கவில்லை. தூரம் குறைவுதான், ஆனால் தரையில் இருந்தது. அடுத்த வீச்சில் கூடைக்குப் பக்கம் வந்துவிட்டார்.

கூடைக்குப் பக்கம் வந்தால் வேலை முடிந்தது என்று இந்த மைதானத்தில் சொல்ல முடியாது. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று போடும்போது, டிஸ்கை விட்ட பிறகும் உடம்பு நிலையாக நிற்க வேண்டும்; தடுமாறி முன்னே அடி வைக்கக்கூடாது. சரிவில் நின்றுகொண்டு, ஒரு கால் மேலே ஒரு கால் கீழே வைத்து, இதைச் செய்ய வேண்டும். எதிர்காற்று பட்டரை மேலே தூக்கும், பின்காற்று அமுக்கும். கூடையைத் தாண்டிப் பறந்துவிட்டால் பின்னால் இறக்கம், இறக்கத்துக்குப் பின்னால் தண்ணீர். அதனால் சில இடங்களில் நேராகக் கூடையைத் தாக்காமல், அடியில் போய் நிற்கும்படி மெல்லப் போட்டு, அடுத்ததில் முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆனாலும் சங்கிலிச் சத்தத்துக்கு ஈடே கிடையாது. அந்தச் சத்தத்தை நமக்குத் தந்தவர் எட் ஹெட்ரிக். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் க்ரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் வந்தபோது குறிக்கம்பங்களில் டிஸ்கை மோதவைத்துத்தான் ஆடினார்கள். பட்டதா படவில்லையா என்ற வாக்குவாதம் தீர, சங்கிலியும் கூடையும் வைத்த கம்பத்தை அவர் வடிவமைத்தார். அடுத்த ஆண்டே தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். 2002-இல் அவர் இறந்தபின், அவருடைய விருப்பப்படி, அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்குகளாக வார்த்தார்கள். இதைச் சொல்லும்போது பெரியவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் மெமோரியல் சாம்பியன்ஷிப் என்ற டிஸ்க் கால்ஃப் போட்டிக்காகப் பல வருடங்கள் இந்தப் புல்லில் ஆடியிருக்கிறார்கள். அவர்களும் இதே சரிவில், இதே தண்ணீருக்குப் பயந்து வீசியவர்கள்தான். சுற்றிலும் நடைபாதையில் குழந்தைகளும் நாய்களும் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கடந்துபோகும்வரை டிஸ்கைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பொதுப் பூங்காவில் ஆடும்போது அந்தப் பொறுமை கட்டாயம்.

நேரம் ஏற ஏறக் காற்றும் ஏறியது. பன்னிரண்டு மணிக்குக் கரையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் காத்திருந்தார்கள். நீரூற்று வரவில்லை. காற்று பலமானால் அதை இயக்கமாட்டார்கள். எங்களுக்கு இன்னும் சில ஹோல்கள் பாக்கி இருந்தன. காட்டித்தர எதுவும் இல்லாமல் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்து வீசினோம். நண்பன் இரவல் டிஸ்கால், தாழ்வாக, தட்டையாக, மேட்டுப் பக்கம் குறிவைத்துக் கடைசிக் கரையோர ஹோலை பார் கணக்கிலேயே, அதாவது அந்த ஹோலுக்கு நிர்ணயித்த வீச்சு எண்ணிக்கையிலேயே, முடித்தான்.

போக நினைப்பவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள்; கோடையில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும், நிழல் மிகக் குறைவு. பைக்குள் கனமான டிஸ்குகளை வையுங்கள், ஏரிப் பக்கத்துக்கு ஒரு மிதக்கும் டிஸ்கும். ஒன்பது மணிக்கு முன்பே ஆட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். அப்போதுதான் முதல் நீரூற்று எழும்போது மைதானத்தில் இருப்பீர்கள். பெரியவர் கிளம்பும்போது, மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் முதல் டீயில் இருப்பேன், அந்த நேரத்துக்குக் காற்று இருக்காது என்றார். இரவல் டிஸ்கை அப்போது வாங்கிக்கொள்கிறேன் என்று நண்பனிடம் சொல்லிவிட்டு நடந்தார்.