மழை வரும்னு குடை எடுத்தேன், இதை இங்கிலீஷ்ல எப்படி எழுதறது

ஐப்பசி மாசம் குன்னூர்ல மழை எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு சாயங்காலம் டியூஷனுக்கு வந்த எட்டாவது படிக்கிற பொண்ணு நோட்ல இப்படி எழுதியிருந்தா, 'ஐ டுக் தி அம்ப்ரெல்லா ஸோ தட் இட் வில் ரெயின்'. அவ சொல்ல வந்தது மழை வரும்னு குடை எடுத்துட்டு வந்தேன்ங்கறது, ஆனா எழுதினதுக்கு அர்த்தம் மழை பெய்யணும்ங்கறதுக்காக குடை எடுத்தேன்னு ஆயிடுது. ஸ்கூல்ல அதுக்கு ஒரு செவப்பு வட்டம் போட்டு அனுப்பிட்டாங்க, ஏன் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல. அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா அந்தப் பொண்ணு யோசிக்காம எழுதல, தமிழ்ல யோசிச்சு எழுதியிருக்கா.

நம்ம பேச்சுல 'க்காக'ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது ரெண்டு வேலை செய்யுது. 'படிக்கிறதுக்காக கோயமுத்தூர் போனான்', இது நோக்கம். 'லேட்டா வந்ததுக்காக திட்டினாங்க', இது காரணம். வால் ஒண்ணேதான், முன்னாடி இருக்கற வினை மாறுது, வந்ததுன்னு முடிஞ்சு போன விஷயமா இருந்தா காரணம், படிக்கிறதுன்னு இனிமே நடக்க வேண்டியதா இருந்தா பெரும்பாலும் நோக்கம். நாம இதை யோசிக்காமலே சரியா பேசிடறோம். இங்கிலீஷ்ல அது நடக்காது, முதல்லயே முடிவு பண்ணிடணும், முடிஞ்சு போனதைக் காட்டப் போறோமா, பிகாஸ். நடக்கணும்னு நெனைக்கிறதைக் காட்டப் போறோமா, ஸோ தட். இப்ப டியூஷன்ல நான் முதல்ல கேக்கறது இந்தக் கேள்விதான், 'அது நடந்துடுச்சா, இல்ல இனிமேதான் நடக்கணுமா?'

இதை விளக்க எங்க ஊர் ரயிலை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899ல, ஊட்டிக்குப் போனது 1908ல. கல்லாறு தாண்டினா ஏத்தம் ஆரம்பிச்சிடும், சில எடத்துல 12 அடிக்கு 1 அடி ஏறணும், அதனால குன்னூர் வரைக்கும் நடுவுல பல்லு வெச்ச தண்டவாளம் போட்டிருக்காங்க, இன்ஜின் பின்னாடி நின்னு தள்ளும். பசங்க எல்லாரும் பார்த்த விஷயம். இந்த ஒரே விஷயத்தை மூணு விதமா எழுதச் சொல்வேன். 'தே லெய்ட் எ டூத்ட் ரெயில் பிகாஸ் த ஸ்லோப் வாஸ் ஸ்டீப்', இது காரணம். 'த ஸ்லோப் வாஸ் ஸ்டீப், ஸோ தே லெய்ட் எ டூத்ட் ரெயில்', இது விளைவு. 'தே லெய்ட் எ டூத்ட் ரெயில் ஸோ தட் த ட்ரெயின் வுட் நாட் ஸ்லிப்', இது நோக்கம். மலையும் ரயிலும் அதேதான், நாம எந்தப் பக்கம் நின்னு பாக்கறோம்ங்கறதுதான் வேற. நோக்கம்னா ஸோ தட்டுக்குப் பின்னாடி அனேகமா கேன், வில், மே மாதிரி ஒண்ணு வரும், முன்னாடி இருக்கற வினை இறந்த காலமா இருந்தா குட், வுட், மைட்டா மாறிடும். ஸோவையும் தட்டையும் பிரிச்சு நடுவுல குளிரை வெச்சா விளைவு, 'இட் வாஸ் ஸோ கோல்ட் தட் த வாட்டர் ஃப்ரோஸ்', தண்ணி உறையற அளவுக்குக் குளிர். நம்ம 'அளவுக்கு' அங்க அப்படியே உக்காருது, பசங்களுக்கு இதுல கஷ்டமே இல்ல.

லீவ் லெட்டர் விஷயத்தையும் சொல்லணும். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஸோ ஐ கெனாட் கம்'னு எழுதுவாங்க. நாம 'காய்ச்சலா இருக்கு, அதனால வர முடியல'ன்னு சொல்லிப் பழகினதால அந்த அதனாலயை விட மனசு வராது. இங்கிலீஷ்ல ஆஸ் போட்டா ஸோ வேண்டாம், ஸோ போட்டா ஆஸ் வேண்டாம், ஒரு கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போதும். இன்னொண்ணு, 'ஐ டிட் நாட் கம். பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்'னு முற்றுப்புள்ளி வெச்சு வெட்டறது. ஏன்னாங்கறது 'ஏன் என்றால்'ங்கறதோட சுருக்கம், நாம அதுல புதுசா ஒரு வாக்கியம் தொடங்கறோம், பிகாஸ் அப்படித் தனியா நிக்காது. ஆனா இதுக்காக பிகாஸ்ல வாக்கியமே தொடங்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கறாங்களே, அது சரியில்ல. 'பிகாஸ் இட் ரெயின்ட், வி ஸ்டேட் அட் ஹோம்', இது முழு வாக்கியம், ஒரு குறையும் இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது லெஸ்ட், அப்படி ஆயிடக் கூடாதேங்கற பயத்தைச் சொல்ற வார்த்தை. பழைய வார்த்தை, பேச்சுல யாரும் சொல்றதில்ல, ஆனா பரீட்சைல வந்துடும், பசங்க தவறாம அதுக்குப் பின்னாடி ஒரு நாட் போட்டுடுவாங்க. பனிக்காலத்துல ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்ல பூச்செடிங்களை மிலார்ங்கற செடியை வெச்சு மூடுவாங்க இல்லையா, அதைத் தமிழ்ல ரெண்டு விதமா சொல்லிப் பாருங்க. 'கருகிடக் கூடாதுன்னு மூடினாங்க', இதுல கூடாது இருக்கு, இது ஸோ தட்டும் நாட்டும். 'கருகிடும்னு மூடினாங்க', இதுல இல்லைங்கற பேச்சே இல்ல, பயம் மொத்தமும் அந்தச் சின்ன 'னு'வுக்குள்ள இருக்கு, இதுதான் லெஸ்ட். 'தே கவர்ட் த ப்ளான்ட்ஸ் லெஸ்ட் த ஃப்ராஸ்ட் ஷுட் பர்ன் தெம்'. இப்படிச் சொன்னதுக்கு அப்புறம் எங்க பசங்க யாரும் அங்க நாட் போடறதில்ல.

அந்தப் பொண்ணோட குடைலயும் இருந்தது அதே 'னு'தான். வருமோ வராதோ, வந்தா இருக்கட்டும்னு எடுத்துக்கறது, அதுக்கு இங்கிலீஷ்ல இன் கேஸ்னு இருக்கு, அதுக்குப் பின்னாடி வில் கூட வேண்டாம். சொன்னேன், அவ கொஞ்ச நேரம் ஜன்னல் வழியா மழையைப் பார்த்துட்டு இருந்துட்டு நோட்ல எழுதினா, 'ஐ டுக் தி அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ட்'. நான் கேக்காமலே அதுக்குக் கீழ இன்னொரு வரி, 'ஐ டுக் தி அம்ப்ரெல்லா ஸோ தட் மை புக்ஸ் வுட் நாட் கெட் வெட்'.