முப்பது பந்தும் ஒரு சாவியும்

வெளிநாட்டிலிருந்து விளையாட்டு ஊழியக் குழு, அதாவது பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்துக் கிறிஸ்தவ வேதக் கதையும் சொல்லும் குழு, வருகிறது என்றதும் சபைக் கூட்டத்தில் தங்குமிடம், சாப்பாடு, வேன் என்று பேச்சு ஓடும். பந்து எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. முகாம் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற நகரில் பள்ளி விடுமுறையில் காற்பந்து முகாம் என்று சொன்னால் 60 பிள்ளைகள் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் 10 பந்து. பந்துக்கு 6 பேர் வரிசை. ஒரு பிள்ளை பந்தைத் தட்டிக்கொண்டே கூம்புகளைச் சுற்றிவர 20 விநாடி ஆகும். அதாவது 20 விநாடி ஆட்டம், 100 விநாடி நிற்பு. 20 நிமிடப் பயிற்சியில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 10 முறை. மூன்றாவது சுற்றிலேயே வரிசையின் வாலில் தள்ளுமுள்ளு ஆரம்பித்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கட்டொழுங்கு இல்லை என்று வந்தவர்கள் குறிப்பெழுதிக்கொண்டு போவார்கள். எந்த ஊர்ப் பிள்ளையையும் வெயிலில் 100 விநாடி சும்மா நிறுத்தினால் இதுதான் நடக்கும்.

இருவருக்கு ஒரு பந்து என்றால் 30 பந்து வேண்டும். 8 வயதுக்குக் கீழே 3ஆம் எண், 8 முதல் 12 வரை 4ஆம் எண், அதற்கு மேல் 5ஆம் எண். வருகிறவர்கள் நல்ல மனசோடு எல்லாவற்றையும் 5ஆம் எண்ணாக வாங்கி வந்துவிடுகிறார்கள். வெறுங்காலில் ஆடும் 9 வயதுப் பிள்ளைக்கு அது கனம். இரண்டு நாளில் பெருவிரல் நகம் கறுத்துவிடும். முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட வேண்டும். காற்றையும் பந்தில் அச்சிட்டிருக்கும் அளவுகளில் குறைந்ததற்கே அடித்தால் போதும். விமானத்தில் காற்றில்லாமல் வரும் பந்துகளுக்கு உலர்ந்த ஊசியை அப்படியே குத்தினால் வால்வு உள்ளே போய்விடும். ஒரு சொட்டு கிளிசரின் தொட்டு நேராகச் செருக வேண்டும். ஊசி முறியும், கட்டாயம் முறியும். ஆறு வைத்திருங்கள்.

திடல் யாருடையது என்பது அடுத்தது. தோட்டத் திடல் என்றால் நிர்வாகத்திடம் கடிதம், பொதுத் திடல் என்றால் நகராண்மைக் கழகத்திடம். தமிழ்ப்பள்ளித் திடலைக் கேட்காமல் இருப்பதே நல்லது. பள்ளி வளாகத்தில் மத நிகழ்ச்சி என்று ஒரு பெற்றோர் புகார் கொடுத்தால் மாட்டிக்கொள்வது தலைமையாசிரியர். குழுவினரின் நுழைவு அனுமதியையும் குடிநுழைவுத் துறையிடம் முன்னரே கேட்டுவிட வேண்டும். சுற்றுலாவுக்கு வந்தவர் ஊழியம் செய்வது சரிப்படாது.

காலை 7.30க்கு ஆறு பேர் ஒரு கை இடைவெளியில் வரிசையாக நின்று திடலின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை குனிந்தபடி நடக்க வேண்டும். ஒரு முறை நீளவாக்கில், ஒரு முறை குறுக்கே. போத்தல் சில்லு எளிதாகக் கண்ணில் படும். படாதது செம்பனை மட்டையின் முள். மட்டையை இழுத்துப் போகும்போது உதிர்ந்தது புல்லுக்குள் கிடக்கும், காய்ந்த புல்லின் நிறத்திலேயே. காலில் ஏறினால் நுனி முறிந்து உள்ளே தங்கிவிடும். திடலிலேயே ஊக்கை வைத்துக் கிளறாமல் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போவதுதான் சரி. மாட்டுச் சாணம் இருந்தால் மண்வெட்டி. எறும்புப் புற்று இருந்தால் அந்தப் பக்கம் கூம்பு வைக்காமல் விட்டுவிடலாம்.

ஆட்டம் 8 முதல் 10.30 வரை, பிறகு மாலை 5க்கு மேல். தண்ணீர் ஆளுக்கு ஒரு முறை 200 மில்லி, மூன்று இடைவேளை: 60 பிள்ளைக்கு 36 லிட்டர். மாலையில் இடி கேட்டால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். 30 விநாடிக்குள் என்றால் எல்லாரும் கூரைக்கடியில். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போகாமல் திடலில் கால் வைக்கக் கூடாது. 'இன்னும் மழையே வரலையே' என்று வந்தவர்கள் முகம் சுளித்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இனி, வாய்விட்டுப் பேசத் தயங்கும் விஷயம். நிறத்துக்கு ஒரு வேதப் பாடம் என்று சொல்லிக்கொடுக்க, குழுக்கள் பல நிறமுள்ள பந்தோ கைப்பட்டியோ கொண்டு வருவது வழக்கம். இது எழுத்தில்லாத வண்ணப் புத்தகத்திலிருந்து வந்தது; அந்தப் புத்தகம் 1866இல் லண்டனில் போதகர் ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று தாள்களைக் காட்டிப் பிரசங்கித்ததில் தொடங்குகிறது. கறுப்பு பாவம், வெள்ளை சுத்தம். இங்கே அதை மொழிபெயர்ப்பவர் யாரைப் பார்த்துச் சொல்கிறார்? பள்ளியில் ‘கறுப்பி’ என்று கேலிக்கு ஆளாகி வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து. சொல் வாயிலிருந்து விழுந்ததும் பக்கத்துப் பையன் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். குழுத் தலைவருக்கு அது புரியப் போவதில்லை, மொழிபெயர்ப்பவருக்குப் புரியும். ஆகவே முதல் நாள் இரவே உட்கார்ந்து பேசி, அந்த நிறத்துக்கு ‘இருட்டு’ என்று மாற்றிவிட வேண்டும். அந்தப் பந்தையே பெட்டியில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

முகாமுக்கு வரும் பிள்ளைகளில் பலர் இந்து வீட்டுப் பிள்ளைகள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் தீர்மானிக்க வேண்டும் என்கிறது மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12(4)ஆம் பிரிவு. முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது 11(4). அதனால் அனுமதிப் படிவத்தில் இரண்டு கட்டம்: விளையாட்டுக்கு ஒன்று, வேதக் கதைக்கு ஒன்று. இரண்டாவதில் கையெழுத்து இல்லாத பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் இன்னொரு ஆட்டம் நடக்க வேண்டும். சும்மா ஓரத்தில் உட்கார வைத்தால் அது தண்டனை. ஆட்டத்தை இனிப்பாகக் காட்டிக் கதைக்கு இழுப்பதை அம்மாக்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மறுநாள் எண்ணிக்கை பாதியாகிவிடும். சாப்பாட்டில் மாட்டிறைச்சி வேண்டாம், வெள்ளிக்கிழமை சைவம். நெற்றியில் இருக்கும் திருநீறு வியர்வையில் தானாகக் கரையட்டும்; யாரும் துடைத்துவிடத் தேவையில்லை.

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது உட்பட. பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காக்க 2017இல் தனிச் சட்டமே வந்த நாடு இது. பள்ளிச் சீருடையோ வீட்டு முகப்போ தெரியும் படங்கள் எங்கும் பதிவேறக் கூடாது.

விளையாட்டு ஊழியம் என்றாலே ஸ்காட்லாந்து ஓட்டக்காரரும் மிஷனரியுமான எரிக் லிட்டலின் கதையைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிறு ஓட மறுத்து 100 மீட்டரை விட்டார், 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். கதை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். 1943இல் சீனாவில் ஜப்பானியர் நடத்திய வெய்ஷியன் தடுப்பு முகாமில் அடைபட்ட பிறகு அவர் பிள்ளைகளுக்காக முறிந்த ஹாக்கி மட்டைகளைப் படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு ஆட்டம் சண்டையில் முடிந்தபோது, அடுத்த ஞாயிறு தாமே நடுவராக நின்றார். 1945இல் அங்கேயே இறந்தார். உள்ளூரில் வேலை செய்கிறவர்களுக்கு உதவுவது இந்தப் பாதிதான்.

ஏனென்றால் குழு ஐந்து நாளில் போய்விடும். அந்த ஐந்து நாளில் பயிற்சியை அவர்கள் நடத்தி உள்ளூர் இளைஞர் வேடிக்கை பார்த்தால் ஆறாம் நாள் ஒன்றும் இல்லை. முதல் நாள் அவர்கள் நடத்தட்டும், இரண்டாம் நாள் பாதிப் பாதி, மூன்றாம் நாளிலிருந்து விசில் உள்ளூர் அண்ணன், அக்கா கையில். 20 மீட்டர் சதுரம் நான்கு, சதுரத்துக்கு 15 பிள்ளை, 12 நிமிடத்துக்கு ஒரு மாற்றம். இதை நடத்தக் கற்றுக்கொள்ள மூன்று நாள் போதும்.

முப்பது பந்தையும் சபையின் பண்டக அறையில் பூட்டி, சாவியைப் போதகரிடம் கொடுப்பது மரியாதைதான். ஆனால் சனிக்கிழமை மாலை அவர் பக்கத்துத் தோட்டத்தில் ஜெபக்கூட்டத்தில் இருப்பார். பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமை வந்து பார்ப்பார்கள், மூன்றாவது வாரம் வரமாட்டார்கள். சாவி திடலுக்கு எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கட்டும். கூடவே ஒரு பம்ப், மூன்று ஊசி, எந்தப் பந்து யாரிடம் என்று எழுத ஒரு நோட்டு.